ஆம்பல் இலையில் ஒரு கிழிசல்

ஆம்பல் இலைக்குப் பிறவியிலேயே ஒரு வெட்டு உண்டு. காம்பு சேரும் இடத்திலிருந்து விளிம்புவரை நேராக ஓடும் வெட்டு அது. இலத்தூர்க் குளத்தங்கரையில் நான் அன்று பார்த்தது அதுவல்ல. வட்டமான இலையின் நடுவே, குறுக்காக, விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். ஒரு பக்கம் மடங்கி, இலையின் செந்நிற அடிப்புறம் தெரிந்தது. காற்றில்லை. கால்நடை இறங்கும் துறையும் இல்லை.

“விரால் அடிச்சிருக்கு” என்றார் அண்ணாச்சி. “ராத்திரி இல்ல தம்பி, இப்பத்தான். கிழிஞ்ச எடம் இன்னும் கருக்கல, பாருங்க.”

மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவர்களுக்காகக் குளத்தைக் காவல் பார்ப்பவர் அவர். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் நான் கரையில் இறங்குவேன். குளத்தைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அன்று மாசி முடிய இரண்டு மூன்று நாள் இருந்தது.

குற்றாலம் பக்கத்தில் பிறந்தவனிடம் எந்த மாதம் பிடிக்கும் என்று கேட்டால், ஆனியும் ஆடியும் என்றுதான் சொல்லுவான். சாரல் வரும், அருவி விழும், உலகமே இங்கு வந்து நனையும். ஆனால் குளத்துக்கு அது நல்ல காலமல்ல. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே வேகத்தில் குளத்து நீரையும் கிளறிவிடும். நீரின் முகத்தில் எழுதியிருப்பது ஒன்றும் தெரியாது. மாசியும் பங்குனியும் அப்படியல்ல. நம் முன்னோர் பின்பனி என்று பிரித்த இரண்டு மாதம். பனியும் முழுதாகப் போயிருக்காது, வெயிலும் முழுதாக வந்திருக்காது. விடியலில் நீர்ப்பரப்பு எண்ணெய் தடவியதுபோல அசையாமல் கிடக்கும். கிழக்கே சூரியன் எழும்போது முதல் வெளிச்சம் குளத்தில் விழாது. மேற்கே மலையின் உச்சியில் பட்டு, அங்கிருந்து மெல்ல இறங்கி, கடைசியில்தான் நீருக்கு வரும். அந்த அரைமணி நேரம் மலை வெளுத்தும் குளம் இருண்டும் இருக்கும். விரால் தேடுகிறவனுக்குக் கிடைக்கிற நல்ல பொழுது அது.

மழைக்காலத்தில் மறுகால் பாய்ந்த குளம், பிசான நெல்லுக்கு மடை திறந்து திறந்து இப்போது இறங்கியிருக்கிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. குளம் நிறைந்திருந்தபோது அந்த ஆழத்துக்கு அளந்து வளர்ந்தவை ஆம்பல் காம்புகள். நீர் குறைந்ததும் காம்பு மிஞ்சிப்போகிறது. மிஞ்சிய காம்பு வளைந்து, இலைகளைத் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடுகிறது. தனித்தனி வட்டங்களாக இருந்தவை கூரைபோல நெருங்குகின்றன. நடுவே தாம்பாளம் அளவுக்கு, கிண்ணம் அளவுக்கு, உள்ளங்கை அளவுக்குத் திறந்த நீர். அந்தத் திறப்புகள்தான் விராலின் வாசல்கள்.

விராலுக்கு வாசல் வேண்டும். அது காற்றை விழுங்கி வாழும் மீன். செவுளுக்கு மேலே, தலைக்குள்ளே, காற்றைப் பிடித்துவைக்க அதற்கு ஓர் அறை இருக்கிறது. நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி மட்டும் அதற்குப் போதாது. மேலே வரவிடாமல் வலைக்குள் அடைத்துவைத்தால், நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் எவ்வளவு பதுங்கினாலும் விரால் தன்னைக் காட்டித்தான் ஆக வேண்டும். வந்து, வாயைத் திறந்து, ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொண்டு, திரும்பும். ஒரு வளையமும் இரண்டு மூன்று குமிழும் மட்டும் மிஞ்சும்.

குளத்தில் வளையம் போடாத உயிர் எது? சில்லறைக் கெண்டை போடுவது ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. மழைத்தூறலோ என்று நினைக்க வைக்கும். ஜிலேபிக் கெண்டை இலையின் அடியில் பாசி கொறிக்கும்போது வளையமே எழாது. இலை மட்டும் நடுங்கும், கூடவே முத்தமிடுவதுபோல ஒரு சிறு சத்தம். முக்குளிப்பான் மூழ்கினால் வளையம் பெரிதாக வரும், ஆனால் சற்றுத் தள்ளி அந்தக் குட்டிப் பறவையே முளைத்து விடையைச் சொல்லிவிடும். இலைக்கோழி நீண்ட விரல்களை அகல வைத்து நடக்கையில், இலைவிளிம்பு ஒரு பக்கம் அமிழ்ந்து எழும். விராலின் வளையம் இவை எதிலும் சேராது. அவசரமில்லாத, உருண்டையான, கனத்த வளையம். எண்ணெயில் அப்பம் எழும்புவதுபோல நீர் முதலில் புடைக்கும், பிறகுதான் உடையும்.

அந்த வளையம் கண்ட உடனே தூண்டில் வீசினேன் ஒரு காலத்தில். அண்ணாச்சி தடுத்தார்.

“பொறுங்க தம்பி. மேல வந்தது மூச்செடுக்க. எரை எடுக்க இல்ல. அது போயி அதும்பாட்டுக்கு நிக்கட்டும். எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு மட்டும் பாருங்க.”

எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக் குமிழ் சொல்லும். முதல் குமிழ் பெரிது, அடுத்தது சிறிது, அதற்கடுத்தது இன்னும் சிறிது. மூன்றையும் மனத்துக்குள் கோடு போட்டு இணைத்தால் மீன் போன வழி. இதை அவர் சொன்ன நாளில் எனக்குக் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வந்தார். 1954இல் மறைந்த அவர், பாட்டை அவசரமாகப் படித்துவிட்டுப் பொருள் சொல்லி நகர்கிறவரல்ல. ஒரே அடியைச் சொல்லிச் சொல்லி, அது தானாக வாய் திறக்கும்வரை அதனோடு இருந்து சுவைத்தவர், அப்படிச் சுவைக்கக் கற்றும் கொடுத்தவர். அவர் உலவிய மண்ணிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஏடறியாத ஒருவர் நீரை அப்படியே படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது கையில் இருக்கும் பொருளைச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் தவளை. உள்ளே ஒன்றுமில்லை, வெற்றுக்கூடு. பின்புறம் இரண்டு கால்களாக மெல்லிய ரப்பர் இழைகள். இதன் அழகெல்லாம் முள்ளில் இருக்கிறது. மற்றத் தூண்டில் முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இலையிலும் கொடியிலும் மாட்டும். இதில் இரண்டு முள்ளும் மேல்நோக்கி வளைந்து, தவளையின் முதுகை ஒட்டிப் படுத்திருக்கின்றன. கையால் வருடினாலும் உறுத்தாது. ஆம்பல் இலைமேல் ஏறும், வழுகும், இறங்கும், எதிலும் மாட்டாது. மீன் கவ்வி அமுக்கும்போதுதான் வெற்றுக்கூடு தட்டையாகி முள் தலைகாட்டும். இலைக்கு வழுகி, வாய்க்கு மட்டும் குத்துகிற அந்தச் சின்ன ஏற்பாட்டைச் செய்தவனின் கையைத் தொட்டுக் கும்பிடலாம்.

மேல்நீரில் ஆடும் இந்த வகைப் பொய்யிரைகளுக்கு அமெரிக்காவில் ஒரு தொடக்கக் கதை உண்டு. மிச்சிகன் மாநிலத்து டவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் ஆலைக்குளத்தங்கரையில் உட்கார்ந்து மரத்துண்டு ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். வேலை முடிந்து அதை நீரில் வீசியதும், கீழிருந்து மீன் பாய்ந்து அடித்ததாம். 1890களில் அவர் மரத்தில் செதுக்கியவையும் தவளைகளே. அவர் பெயர்பெற்ற தேனீ வளர்ப்பாளர் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இலத்தூர்க் கோயிலில் குடியிருக்கும் இறைவன் பெயர் மதுநாதர். மது என்றால் தேன். இரண்டுக்கும் உறவில்லைதான். ஆனாலும் கரையில் நின்று தவளையை வீசும்போதெல்லாம் அந்தத் தேன்காரரை நினைத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் ரப்பர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தவளை இருந்தது. நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் உயிருள்ள தவளையைக் கோத்து, இலைகளின் நடுவே தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். அண்ணாச்சியும் இளவயதில் அப்படிப் பிடித்தவர். பிறகு தவளையைக் காக்கும் காலம் வந்தது, தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தது. பூச்சி தின்னும் தவளை போனால் வயல் என்ன ஆகும் என்ற கவலைதான் அதற்குப் பின்னால் இருந்தது. இன்று ரப்பர் தவளை எத்தனை முறை கடிபட்டாலும் மறுபடி வீங்கி உட்கார்ந்துகொள்கிறது. குளத்தின் உள்வாயில் உயிருள்ள தவளை தன்பாட்டுக்குக் கத்துகிறது.

வீசுவதிலும் ஒரு நயம் இருக்கிறது. மீன் நிற்கும் இடத்தில் நேராகப் போட்டால் அது மிரளும். நாலு முழம் தள்ளி, ஓர் இலையின்மேல் போட வேண்டும். ‘தொப்’ என்று இலையில் விழும் ஓசை நீரில் விழும் ஓசையைவிடக் காய்ந்தது. கரையிலிருந்து தவளை தாவியதற்கு அதுவே அடையாளம். மேலிருந்து விழுவதன் ஓசை மீனுக்கு எவ்வளவு பெரிய அழைப்பு என்பதை ஆலங்குடி வங்கனார் அறிந்திருக்கிறார். குறுந்தொகையின் 8ஆம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து உதிரும் இனிய கனியைப் பொய்கை வாளை கவ்விக்கொள்கிறது. தேடி அலையாமல், விழுந்ததைக் கவ்வும் மீன். மேல்நீர்த் தூண்டிலின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு மாம்பழத்தில் இருக்கிறது.

இலையில் விழுந்த தவளையை உடனே இழுக்கக் கூடாது. வளையம் அடங்கட்டும். பிறகு ராடின் நுனியை ஒரு சிட்டிகை அசைக்க, ரப்பர் கால்கள் விரிந்து மடங்கும். மறுபடி அமைதி. அடுத்த அசைவில் தவளை இலையின் விளிம்புக்கு வரும். அதற்கடுத்த அசைவில் விளிம்பிலிருந்து திறந்த நீருக்குள் வழுகும்.

அந்த வழுகலுக்காகத்தான் நான் விடியலில் எழுந்து வருகிறேன். இலையில் உட்கார்ந்திருந்தவரை தவளை ஒரு நிழல். நீரில் இறங்கியதும் அது இரை. நடுவே, பாதி உடல் இலையிலும் பாதி நீரிலுமாக இருக்கும் ஒரு நொடி. மண்புழு கோத்து, தக்கை போட்டு, அடிநீரில் பிடிக்கிறவனுக்கு இந்த நொடி கிடையாது. கீழே நடப்பதை அவனுக்குக் கைதான் சொல்லும், அதுவும் நடந்து முடிந்த பிறகு. மேல்நீரில் எல்லாம் கண்முன் நடக்கிறது. மீன் யோசிப்பதைக்கூடப் பார்க்க முடியும். பக்கத்து இலை லேசாகத் தூக்கிக் கொடுக்கும். கீழே ஏதோ வந்து நிற்கிறது. தவளை அசையவில்லை. நானும் அசையவில்லை. காம்பு ஒன்று மெதுவாகச் சாய்கிறது. எடுக்கலாமா வேண்டாமா என்று ஓர் உயிர் முடிவு செய்துகொண்டிருக்க, இன்னோர் உயிர் மூச்சடக்கி நிற்கிறது.

சில நாள் அந்த முடிவு ‘வேண்டாம்’ என்று வரும். இலை தணியும், காம்பு நிமிரும். அதுவும் பார்த்துச் சுவைக்க வேண்டிய ஒன்று.

இன்னொரு காட்சி கண்டால் தூண்டிலையே சுருட்டிவிட வேண்டும். திறந்த நீரில் செந்நிறமாக, கைப்பிடிக் குங்குமம் தூவியதுபோல, ஒரு துடிப்பு நகர்ந்து வரும். விரால் குஞ்சுகளின் கூட்டம். அடியில் பெற்றது காவலுக்கு நிற்கும். குஞ்சுகளின் பக்கம் எது வந்தாலும், பசிக்காக இல்லாமல் கோபத்தால் அடிக்கும். அந்த நேரத்தில் விராலைப் பிடிப்பது எளிது. அதனாலேயே பிடிக்கக் கூடாது. “புள்ளய வச்சிருக்கவன்ட்ட வம்புக்குப் போகக் கூடாதுல்லா” என்பார் அண்ணாச்சி.

அன்று குஞ்சுக் கூட்டம் எதுவும் கண்ணில் படவில்லை. கிழிந்த இலைக்கு இரண்டு பாகம் தள்ளி, தாம்பாள அளவுத் திறப்பு ஒன்று. அதன் ஓரத்து இலையில் தவளையை வைத்தேன். மலையில் வெளிச்சம் பாதி இறங்கியிருந்தது. ஓர் அசைவு. அமைதி. இன்னோர் அசைவு. தவளை விளிம்பில் வழுகியது.

முதலில் சத்தம்தான் வந்தது. ‘தபுக்’ என்று, கவிழ்த்த குடத்தை நீரிலிருந்து வெடுக்கென்று பிடுங்கியதுபோல உள்ளோடிய சத்தம். விரால் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. அகன்ற வாயை ஒரே விரிப்பில் திறக்க, முன்னால் இருக்கும் நீர் முழுவதும் உள்ளே ஓடுகிறது, நீரோடு இரையும் போகிறது. தவளை இருந்த இடத்தில் ஒரு குழி. கை தானாக வெட்டி இழுக்கப் பார்க்கும். இழுத்தால் தவளை மட்டும் வரும். ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். அது வாயை மூடி, தலையைத் திருப்பி, கீழே போகத் தொடங்க வேண்டும். அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் ஒரு முழுப் பகல் அடங்கியிருக்கிறது.

எண்ணி முடித்து வெட்டினேன். நீர் வெடித்தது.

அடுத்து நடந்ததை என் சொல்லில் சொல்வதைவிட நக்கீரர் சொன்ன வழியில் சொல்வதே முறை. அகநானூற்றின் 36ஆம் பாட்டு மதுரை நக்கீரர் பாடியது. மருதத்திணை. பரத்தையிடம் போய் வந்த தலைவனைக் கடிந்து சொல்லும் பாட்டு. ஊரில் எழுந்த பழிச்சொல், ஆலங்கானத்தில் ஏழு பேரை ஒரே பகலில் வென்ற நெடுஞ்செழியனின் படை எழுப்பிய ஆரவாரத்தைவிடப் பெரிது என்கிறது. அப்படிப்பட்ட பாட்டைத் திறந்து வைப்பது ஒரு விரால். வாய் அகன்ற, உடம்பில் வரிகள் பல கொண்ட, பெரிய ஆண் விரால். நீர்வாழ்வனவற்றின் ஆணையும் போத்து என்று சொல்லத் தொல்காப்பிய மரபியல் இடம் தருகிறது. நக்கீரர் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறார். விராலின் விலாவில் சாய்ந்தோடும் கருவரிகளைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த ‘வரி’ எவ்வளவு துல்லியம் என்பது தெரியும்.

அந்த மீன், வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்குகிறது. அதற்குப் பிறகு அவர் அடுக்கும் வரிசையைப் பாருங்கள். ஆம்பலின் மெல்லிய இலை கிழிகிறது. குவளையின் மலர்கள் சிதைகின்றன. வள்ளைக்கொடி குழம்புகிறது. அதன் பிறகுதான், இழுத்தும் வராமல் நிற்கிறது மீன்.

பள்ளியில் இதைப் படித்தபோது மூன்று பூண்டுகளின் பெயரை மருதநிலத்து அலங்காரம் என்று நினைத்தேன். குளத்தங்கரையில் நின்ற பிறகுதான் அது மீன் போகும் பாதை என்று விளங்கியது. ஆம்பல் இலை நீரின் தளத்தில் கிடப்பது. முள் ஏறிய விரால் கீழிருந்து வரும்போது முதலில் தைப்பது அதைத்தான், அதனால் இலை கிழிகிறது. குவளை மலர் நீருக்குமேல் தண்டு நீட்டி நிற்பது. மீன் நீரைவிட்டு எழும்பித் துள்ளினால்தான் மலரில் அடிபடும். ஆக இரண்டாவது நிலை துள்ளல். வள்ளை கரையோரத்தில் படர்ந்து பின்னிக் கிடப்பது. துள்ளியும் முள் கழலாத மீன் கடைசியில் ஓடி ஒளிவது அந்தப் பின்னலுக்குள். தளம், மேல், ஓரம். மூன்று செடிகளை வைத்து ஒரு மீனின் மூன்று அசைவுகளைப் புலவர் வரைந்துவிட்டார். வரிசையை மாற்றினால் மீன் பொய்யாகிவிடும்.

தூண்டில்காரனை அவர் வேட்டுவன் என்றே சொல்கிறார். வலைக்காரன் மீனை அள்ளுகிறான். விராலின் முன்னால் தூண்டிலோடு நிற்பவன் தடம் பார்த்து, பதுங்கி, ஒரே உயிரை நோக்கிக் காத்திருக்கிறான். அது வேட்டைதான். இழுத்தும் வராத விராலுக்கு அவர் தரும் உவமை, கயிறு கட்டிய சினங்கொண்ட எருது. முரட்டுக் காளை கயிற்றை ஒரே இழுப்பாக இழுக்காது. தலையைத் தாழ்த்தி, காலை ஊன்றி நிற்கும், திடீரென ஒரு பக்கம் திமிறும், மறுபடி ஊன்றும். விரால் மாட்டிய தூண்டில் நரம்பு உள்ளங்கைக்கு அனுப்பும் செய்தி இம்மியும் மாறாமல் அதுதான். உவமையைத் தேடி எடுத்தவராக எனக்குத் தோன்றவில்லை. கயிறும் நரம்பும் அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த மீன் கலக்குவது விடியற்காலைக் குளத்தை. ஒரே ஒரு சொல்லில் பொழுதைப் புலவர் குறித்துவிடுகிறார். இரவெல்லாம் தெளிந்து கிடந்த நீர் அது. அதைக் கலக்குவதால்தான் கலக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. தலைவன் செய்ததும் அதுவே என்று பாட்டு வாய்விட்டுச் சொல்லவில்லை. மீன் சொல்லிவிட்டது.

என் மீனும் அந்த வரிசையைத்தான் பின்பற்றியது. இலை கிழிந்தது. குவளைக்குப் பதில் ஆம்பல் மொட்டு ஒன்று தலை ஒடிந்தது. நீருக்குமேல் அது வளைந்து எழுந்தபோது கரிய முதுகையும், வெளிறிய வயிற்றையும், இரண்டுக்கும் நடுவே சாய்ந்த வரிகளையும் ஒரு கண்ணிமைப்புக்குப் பார்த்தேன். பிறகு வள்ளைக்குள் போனது. நரம்பு இறுகியது, நின்றது, எருதாகத் திமிறியது, மறுபடி நின்றது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். அவர் கொடியை விலக்கும் முன்னே கையில் கனம் இல்லாமல் போனது. ரப்பர் தவளை ஒரு வள்ளை இலையைச் சுமந்துகொண்டு மெதுவாக மேலே வந்தது.

அண்ணாச்சி தவளையை எடுத்து, அமுக்கி, உள்ளே போயிருந்த நீரைப் பீய்ச்சி வெளியேற்றி என்னிடம் கொடுத்தார். “நல்ல சாமான் தம்பி. ரெண்டு கிலோ வரும்” என்றார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. எனக்கும் இல்லை. பாட்டில் நக்கீரரும் அந்த மீனைக் கரையேற்றவில்லை. வேட்டுவன் இழுக்கிறான், மீன் வரவில்லை, குளம் கலங்குகிறது. அதற்குமேல் விராலைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிடித்தானா, விட்டானா என்று கேட்கவே தோன்றாத அளவுக்கு அந்தக் கலக்கம் நிறைவாக இருக்கிறது.

வெளிச்சம் மலையிலிருந்து இறங்கிக் குளத்துக்கு வந்துவிட்டது. வள்ளைக்குப் பக்கத்தில் எழுந்த சேறு புகையாக விரிந்து, மெல்லப் படிந்தது. இலைக்கோழி ஒன்று திரும்ப வந்து, இப்போது இரண்டு இலைகள் கிழிந்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தது. குனிந்து என் இலையைப் பார்த்தேன். கிழிந்த விளிம்பு இன்னும் பச்சையாக இருந்தது.